குதிரையைத் தின்ற தோட்டா

1709-ல் பொல்டாவா போரில் ரஷ்யாவின் பீட்டரிடம் தோற்ற ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், துருக்கி சுல்தானின் எல்லைக்குள் தப்பியோடி, பெண்டர் கோட்டைக்கு அருகே முகாம் போட்டார். விருந்தாளி சில வாரங்களில் கிளம்பிவிடுவார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இவரோ வருஷக்கணக்கில் நகரவில்லை. போதாக்குறைக்குக் கடன் வேறு. பொறுமையிழந்த துருக்கியர் 1713-ல் பீரங்கிகளோடு வந்து முகாமைச் சூழ்ந்துகொண்டார்கள்.

இதுவரை சரித்திரம். இனி வருவது கட்டுக்கதை.

வெளியே குண்டுமழை. உள்ளே மன்னர், தன் பொருளாளர் குரோதூசனுடன் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறார். வெள்ளைக் காய்கள் மன்னருடையவை. இன்னும் மூன்றே நகர்த்தலில் செக்மேட் என்று அவர் அறிவித்த நேரம், சன்னலைப் பிளந்து வந்த தோட்டா அவருடைய குதிரையைச் சிதறடிக்கிறது. மன்னர் பலகையை ஒருமுறை பார்க்கிறார்: குதிரை போனால் போகட்டும், நான்கில் மேட்! சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது தோட்டா ஒரு சிப்பாயைத் தூக்கிப்போகிறது. அதனாலென்ன, ஐந்தில் மேட்!

இந்தக் கூத்தைப் புதிராக அமைத்தவர் அமெரிக்காவின் சாம் லாய்டு. ‘செஸ் மந்த்லி’ இதழில் 1859-ல் அது வெளியானபோது அவருக்கு வயது 18. பிற்காலத்தில் பதினைந்து கட்டைப் புதிரையும் தானே கண்டுபிடித்ததாகக் கூசாமல் பொய் சொல்லிக்கொண்ட ஆசாமி. அவர் பேச்சை நம்ப வேண்டாம், காய்களை நம்பலாம். ஒரே நிலையில் குதிரையை எடுத்தாலும் கணக்கு பிசகவில்லை, சிப்பாயையும் சேர்த்து எடுத்தாலும் பிசகவில்லை. முக்கிய ஆட்டவழி மூன்றிலும் யானை உயிரைக் கொடுக்கும்; இருந்த இடத்திலிருந்து இரண்டு கட்டம் பாயும் ஒரே சிப்பாய்தான் கடைசி அடியைக் கொடுக்கும். வெள்ளை ராஜா ஓர் அடிகூட நகர மாட்டார்.

நிஜ சார்லஸ் நேர்மாறு. 1731-ல் அவருடைய வரலாற்றை எழுதிய வால்டேர், மன்னர் குரோதூசனுடன் செஸ் ஆடியதைச் சொல்கிறார். மற்ற காய்களைவிட ராஜாவைத்தான் அதிகம் நகர்த்துவாராம். அதனாலேயே எல்லா ஆட்டத்திலும் தோற்பாராம்! போர்க்களத்திலும் முன்னால் போய் நிற்கிற மனிதர்தானே. அப்படிப்பட்டவரை அசையாத ராஜாவோடு ஜெயிக்க வைத்ததுதான் லாய்டு செய்த பெரிய குறும்பு என்பேன்.

புதிர் அத்தோடு விடவில்லை. முதல் தோட்டா குதிரைக்குப் பதில் யானையைத் தாக்கியிருந்தால்? 1900-ல் ஃபிரெட்ரிக் ஆமெலுங் பதில் சொன்னார்: ஆறில் மேட்.