அரசியல் சட்டம் எழுந்த வரலாறும் அயல் மாநிலத் தமிழரும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பத்தினர் நாம். இங்கு வீடு எடுக்கவோ, உத்தியோகம் பார்க்கவோ, கடை வைக்கவோ நாம் எவரிடமும் அனுமதிச் சீட்டு பெற்று வந்ததில்லை. நமக்கென ஒரு சங்கம் கண்டோம், விழா எடுக்கிறோம், நம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கிறோம். இவை யாவும் காற்றும் வெயிலும்போல் இயல்பாகக் கிடைத்தவை என்று எண்ணி நாம் வாழ்ந்து வருகிறோம். உண்மை அதுவன்று. இவ்வுரிமைகள் ஒவ்வொன்றும் ஒரு சபையிலே சொல்லுக்குச் சொல் வாதிக்கப்பட்டு, எழுதி நிலைநாட்டப்பெற்றவை. அவற்றுள் ஒன்றை விளக்க நேர்ந்தபோது, சென்னையிலிருந்து சென்று பம்பாயில் குடியேறிய மக்களையே டாக்டர் அம்பேத்கர் உதாரணமாக எடுத்துக்காட்டினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவ்வரலாற்றை ஆண்டு விழா மலரில் நினைவு கூர்வது நம் கடமை எனக் கருதுகிறோம்.

சபை கூடிய விதம்

1946-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி பிரிட்டிஷ் மந்திரிசபைத் தூதுக்குழு வெளியிட்ட திட்டத்தின்படி அரசியல் நிர்ணய சபை அமைந்தது. மக்கள் நேரே வாக்களித்து அதன் அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாணச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்து அனுப்பின. சமஸ்தானங்களின் பிரதிநிதிகள் பின்னர் வந்து சேர்ந்தனர். 1946 டிசம்பர் 9-ஆம் தேதி புதுடில்லியில் சபை முதன்முதலாகக் கூடியது. முஸ்லிம் லீக் அங்கத்தினர்கள் வரவில்லை. மூத்தவரான சச்சிதானந்த சின்ஹா தற்காலிகத் தலைவராக அமர்ந்தார். இரண்டு நாட்களில் ராஜேந்திர பிரசாத் நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 13-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு இலட்சியத் தீர்மானத்தைப் பிரேரித்தார். 1947 ஜனவரி 22-இல் அது நிறைவேறியது.

அதன்பின் நாடு பிளவுண்டது, விடுதலையும் வந்தது. வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அம்பேத்கர், பிரிவினையின் விளைவாகத் தம் இடத்தை இழந்தார். பம்பாய் மாகாணம் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அது நிகழாதிருந்தால் இச்சட்டத்தின் வரலாறே வேறாகியிருக்கும்.

நகல் கமிட்டி

சட்டத்தின் முதல் நகலைத் தயாரித்தவர் சபையின் அரசியல் சட்ட ஆலோசகரான பி. என். ராவ். அவர் சபையின் அங்கத்தினர் அல்லர். ஊதியமும் பெறாது உழைத்தவர். அந்நகலை ஆராய்ந்து செப்பனிடுவதற்கென 1947 ஆகஸ்டு 29-ஆம் தேதி எழுவர் கொண்ட நகல் கமிட்டி நியமிக்கப்பட்டது. அம்பேத்கர் அதன் தலைவரானார். சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், தஞ்சை மாவட்டத்தில் பிறந்து காஷ்மீரத்தில் பிரதம மந்திரியாய் இருந்த என். கோபாலசாமி ஐயங்காரும் அவ்வெழுவரில் இருவர். கே. எம். முன்ஷி, சையத் முகம்மது சாதுல்லா, பி. எல். மித்தர், டி. பி. கைதான் ஆகியோர் ஏனையோர். மித்தர் விலகவே என். மாதவ ராவ் அவரிடத்துக்கு வந்தார். கைதான் காலமானபின் டி. டி. கிருஷ்ணமாச்சாரி சேர்க்கப்பட்டார்.

இந்தக் கமிட்டியின் உள்நிலையை 1948 நவம்பர் 5-ஆம் தேதி சபையிலே ஒளிவின்றி உரைத்தவர் கிருஷ்ணமாச்சாரிதான். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசாங்க அலுவல்களில் மூழ்கினார், ஓரிருவர் உடல்நலம் கருதி டில்லிக்கு வெகு தொலைவில் தங்கினர். ஆகவே பெருஞ்சுமை முழுவதும் அம்பேத்கரின் தோள்மீதே விழுந்தது என்பது அவர் கூற்றின் சாரம். அம்பேத்கரோ 1949 நவம்பர் 25-ஆம் தேதி ஆற்றிய நிறைவுரையில், புகழில் ஒரு பங்கு பி. என். ராவுக்கும், தலைமை நகலாளரான எஸ். என். முகர்ஜிக்கும் உரியது என்று மனமுவந்து கூறினார். தம் உழைப்பைப் பிறர் சொல்லவும், பிறர் உழைப்பைத் தாம் சொல்லவும் அறிந்த பெருந்தகைமை அது.

1948 பிப்ரவரியில் வெளியான நகலில் 315 ஷரத்துக்களும் 8 அட்டவணைகளும் இருந்தன. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அதன்மேல் 7,635 திருத்தங்கள் வந்தன. அவற்றுள் 2,473 சபையில் பிரேரிக்கப்பட்டன. நகலின்மீது நடந்த விவாதம் மட்டும் 114 நாட்களைக் கொண்டது. இறுதியில் 395 ஷரத்துக்களுடன் 1949 நவம்பர் 26-ஆம் தேதி சட்டம் ஏற்கப்பட்டது. அந்த நாட்களில்தான் நம் வாழ்வும் நிர்ணயிக்கப்பட்டது.

போகவும் வாழவும் உரிமை

நகலைச் சபைமுன் வைத்த 1948 நவம்பர் 4-ஆம் தேதியே அம்பேத்கர் ஒன்றைத் தெளிவுபடுத்தினார். அமெரிக்காவில் நாட்டுக் குடியுரிமை ஒன்று, மாநிலக் குடியுரிமை ஒன்று என இரண்டு உண்டு. பாரதத்தில் ஒரே குடியுரிமைதான். அதன் தொடர்ச்சியாகவே, நாடெங்கும் தடையின்றிச் செல்லவும், எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை எழுதப்பட்டது. இன்று 19-ஆவது ஷரத்தில் அது உள்ளது. பொதுநலத்தின் பொருட்டும், பழங்குடி மக்களின் பாதுகாப்பின் பொருட்டும் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு மட்டும் இடமுண்டு.

உத்தியோக விஷயத்தில் வாதம் எளிதாக முடியவில்லை. 1948 நவம்பர் 30-ஆம் தேதி, அரசாங்க வேலைக்கு வசிப்பிடத்தை நிபந்தனையாக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. குடியுரிமை ஒன்றேயானால் தடை ஏன் என்பது ஒரு வாதம். ஆயினும் ஒரு மாகாணத்தில் வேரூன்றாது, பறந்து வந்து பதவியை மட்டும் கொத்திச் செல்வதற்கு வழிவிடலாகாது என்றார் அம்பேத்கர். இரு பக்க நியாயத்தையும் இணைக்கும் வழியாக அல்லாடியின் திருத்தம் வந்தது. வசிப்பிடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்பதே விதி. விலக்கு வேண்டுமாயின் பாராளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றலாம். மாநிலச் சட்டசபை இயற்றலாகாது. ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வேலி கட்டுவதை இந்த ஏற்பாடு தடுத்தது. அம்பேத்கர் சொன்ன கடுஞ்சொல்லையும் நாம் மறத்தலாகாது. வாழும் மண்ணில் வேர் விடுதல் நம் பொறுப்பு என்பதன்றோ அதன் உட்பொருள்?

அம்பேத்கர் காட்டிய உதாரணம்

இனி நம்மை நேரே குறிக்கும் இடத்துக்கு வருகிறோம். சர்தார் வல்லபாய் படேல் தலைமையில் இயங்கிய ஆலோசனைக் கமிட்டி 1947-இல் அளித்த அறிக்கையில், ஒவ்வொரு பகுதியிலும் உள்ள சிறுபான்மையோரின் மொழி, எழுத்து, பண்பாடு ஆகியவை பாதுகாக்கப்படும் என்றிருந்தது. நகல் கமிட்டியோ 'சிறுபான்மையோர்' என்ற சொல்லை நீக்கி, தனி மொழியும் எழுத்தும் பண்பாடும் உடைய 'குடிமக்களில் எப்பிரிவினரும்' அவற்றைக் காத்துக்கொள்ள உரிமையுடையர் என்று எழுதியது. அது நகலில் 23-ஆவது ஷரத்து.

1948 டிசம்பர் 8-ஆம் தேதி இம்மாற்றம் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சிறுபான்மையோருக்குத் தந்த வாக்குறுதி வலுவிழந்துவிட்டது எனச் சில அங்கத்தினர்கள் ஐயுற்றனர். அம்பேத்கர் எழுந்து விடை கூறினார். சிறுபான்மையோர் என்றால் மதத்தாலோ சட்ட வழக்காலோ அவ்வாறு அழைக்கப்படுவோர் மட்டும் என்று பொருளாகிவிடும். சென்னையிலிருந்து ஒரு சாரார் வந்து பம்பாயில் குடியேறினால், அவ்வழக்கின்படி அவர்கள் சிறுபான்மையோர் அல்லர்; ஆயினும் மொழியாலும் பண்பாட்டாலும் சிறுபான்மையோரே. மகாராஷ்டிரர் வங்காளத்தில் குடியேறினும் அவ்வாறே. இத்தகையோரையும் அணைத்துக்கொள்ளவே சொல் விரிவாக்கப்பட்டது என்பது அவர் விளக்கம்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. இந்த ஷரத்து அரசாங்கத்தின்மேல் செலவுச் சுமை எதையும் ஏற்றவில்லை என்றும் சொன்னார். சென்னை மக்கள் பம்பாய்க்கு வந்தால், தமிழிலோ வேறு மொழியிலோ கல்வி அளிக்கப் பம்பாய் அரசாங்கம் பணம் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. உள்ளூர்ப் பண்பாட்டையோ வேறெந்தப் பண்பாட்டையோ அவர்கள்மீது அரசு சட்டத்தால் திணிக்கலாகாது என்பதே வரம்பு என்றார்.

இவ்விரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே நாம் படித்தல் வேண்டும். முன்னது உரிமை தருகிறது. பின்னது பொறுப்பை நம் வாசலில் வைக்கிறது. தமிழைக் காத்துக்கொள்வதை எவரும் தடுக்க மாட்டார். எவரும் நமக்காகச் செய்து தரவும் மாட்டார்.

மொழியும் எழுத்தும் பண்பாடும் ஒருங்கே வேறுபட்டிருக்க வேண்டும் என்ற தொனியில் நகலில் இருந்த 'உம்'மைகள், முடிவில் 'மொழி, எழுத்து அல்லது பண்பாடு' என மாறின. மொழி ஒன்று வேறாயினும் போதும், உரிமை உண்டு. ஒரு சிறு இடைச்சொல்லின் மாற்றத்தால் எத்தனை குடும்பங்கள் நிழல் பெற்றன! இன்று இது 29-ஆவது ஷரத்து. மொழிச் சிறுபான்மையோர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை 30-ஆவது ஷரத்தில் அமைந்தது.

மறுக்கப்பட்டதும் பின்னர் வந்ததும்

தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறுவதையும் அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்ற கோரிக்கை அதே விவாதத்தில் எழுந்தது, சபை ஏற்கவில்லை. ஆயினும் கோரிக்கை மடியவில்லை. மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, ஒவ்வொரு மாநிலத்திலும் வேற்று மொழியாளர் எஞ்சியிருப்பர் என்பதை மாநிலப் புனரமைப்புக் கமிஷன் உணர்ந்தது. அதன் பயனாக 1956-இல் ஏழாவது திருத்தத்தின்வழி 350-ஏ ஷரத்து சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. 'முயல வேண்டும்' என்ற சொல்லின் அளவு சிறிதே. எனினும் 1948-இல் மூடிய கதவு பாதியளவேனும் திறந்தது. 2002-இல் டி. எம். ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில், 30-ஆவது ஷரத்தின்படி யார் சிறுபான்மையோர் என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் எனச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே தமிழகத்துக்கு வெளியே நாம் மொழிச் சிறுபான்மையோர் என்பதில் ஐயமில்லை.

நம் கடன்

ராஜேந்திர பிரசாத் தலைமையில் 1950 ஜனவரி 24-ஆம் தேதி அங்கத்தினர்கள் கையொப்பமிட்ட மூலப் பிரதியைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா தம் கையால் எழுதினார்; நந்தலால் போஸும் சாந்திநிகேதனத்துக் கலைஞரும் அதற்கு அணி செய்தனர். அழகிய அந்த ஏட்டைக் கண்ணாடிப் பேழையில் கண்டு வணங்குவது எளிது. அதன் ஷரத்தை வீட்டில் வாழ வைப்பதே அரிது.

சட்டம் வருமுன்பே, 1923-இல், டில்லி வாழ் நம்மவர் தம் குழந்தைகளுக்கெனக் கல்விச் சங்கம் கண்டனர். அது டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து பள்ளிகள் பல நடத்தி வருகிறது. உரிமை எழுதப்படும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. எழுதப்பட்ட பின்னும் நாம் வாளாவிருப்போமாயின், அது யாருடைய குறை? நம் குழந்தை பள்ளியில் உள்ளூர் மொழியை நன்றாகக் கற்கட்டும். அது இம்மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றி. வீட்டில் தமிழைப் பேசவும், படிக்கவும், பிழையற எழுதவும் கற்கட்டும். அது 29-ஆவது ஷரத்துக்கு நாம் செலுத்தும் நன்றி. பெற்றோர் கற்பிக்காத மொழியை எச்சட்டமும் காத்துத் தராது. இவ்வாண்டு விழா நாளில் இதனை நம் ஒவ்வொரு குடும்பமும் உறுதியாகக் கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.