றப்பர் நகரத்தின் ஆட்டவீரர்

போல் றொப்சனின் கம்பீரமான குரலை நம்மிற் பலர் அறிவர். அவருடைய அரசியலையும், அதன்பொருட்டு 1950 முதல் 1958 வரை அமெரிக்க அரசு அவரது கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருந்ததையும் அறிவர். ஆனால், நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயின்ற காலத்தில், அவர் ஊதியத்துக்காக உதைபந்தாட்டம் ஆடினார் என்பதை அறிந்தவர் சிலரே. 1921இல் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகர அணியில் அவர் ஆடியபோது, அவ்வணியின் பயிற்றுநர் இருவருள் ஒருவர் கறுப்பினத்தவர். அவர் பெயர் பிரிட்ஸ் பொலார்ட். றொப்சனின் வரலாற்றைப் படிப்போர் இம்மனிதரை ஓரிரு வரிகளிற் கடந்து போய்விடுகின்றனர். அவ்வாறு கடந்து போகத்தக்கவரல்லர் அவர்.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. பெயரிலேதான் உதை இருக்கிறது. முட்டை வடிவான பந்தைக் கையிலே இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடுவதே அதன் சாரம். ஓடுபவரை எதிரணியினர் உடலால் மோதி வீழ்த்துவர். வீழ்ந்தவர்மேல் பலர் குவிவர். அக்குவியலினுள்ளே யார் யாரை மிதித்தார், யார் யாருடைய கண்ணிலே விரலைச் செலுத்தினார் என்பதை மத்தியஸ்தர் காண்பது அரிது. அக்குவியலின் அடியிலே கிடப்பவர் ஒரு கறுப்பினத்தவராயின் என்ன நேரும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். பொலார்ட் 5 அடி 9 அங்குல உயரமும் 165 இறாத்தல் எடையும் மட்டுமே கொண்டவர். ஆகவே, விழுந்த மறுகணமே முதுகிலே உருண்டு, ஆணி பதித்த சப்பாத்துக்களோடு இரு கால்களையும் மேலே உயர்த்திச் சுழற்றும் ஒரு தற்காப்பு முறையை அவர் பழகிக்கொண்டார். மேலே பாய வருபவர் அக்கால்களைக் கண்டு தயங்குவர். ஆட்டத்தின் விதிநூல் கற்பிக்காத பாடம் அது.

அவர் 1894ஆம் ஆண்டு சிக்காகோ நகரின் வடபுறத்திலே பிறந்தார். தந்தை நாவிதர், தாய் தையல் வேலை செய்தவர். அடிமையாகப் பிறந்து, தப்பிச் சென்று, அடிமைமுறையை எதிர்த்து நாடெங்கும் முழங்கிய பிரெடெரிக் டக்ளஸின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். 'பிரிட்ஸ்' என்பது அயலிலே வாழ்ந்த ஜெர்மானியக் குடும்பங்கள் இட்ட செல்லப்பெயர் என்பர். 1915இல் அவர் பிறவுண் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே சக மாணவர்களின் உடைகளை அழுத்திக் கொடுத்துப் பணந்தேடினார். 1916 ஜனவரி முதலாந் திகதி கலிபோர்னியாவில் நடைபெற்ற புகழ்பெற்ற 'றோஸ் போல்' போட்டியில் ஆடிய முதலாவது கறுப்பின வீரர் அவரே. அன்று மழையும் சேறுமான மைதானத்திலே பிறவுண் அணி தோற்றது. ஆனால் அவ்வாண்டின் பிற்பகுதியில் அதே அணி யேலையும் ஹார்வார்டையும் ஒரே பருவத்தில் வென்றது.  செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள் கற்கும் அவ்விரு நிறுவனங்களின் தற்காப்பு வரிசைகளையும் ஊடறுத்து ஓடியவர் துணி அழுத்திப் படித்த அந்த இளைஞரே. அவ்வருடத்து அகில அமெரிக்க அணியில் அவர் பெயர் இடம்பெற்றது.

1919இல் அவர் அக்ரன் அணியிற் சேர்ந்தார். இந்நகரைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1910இல் ஏறத்தாழ 69,000 பேர் வாழ்ந்த அந்நகரின் சனத்தொகை பத்தே ஆண்டுகளில் 208,000 ஆகப் பெருகிற்று. காரணம் மோட்டார் வண்டி; வண்டிக்கு வேண்டிய ரயர். குட்இயர், பயர்ஸ்ரோன், குட்றிச் ஆகிய பெரு நிறுவனங்களின் ஆலைகள் அங்கேதான் புகைந்தன. அந்த ஆலைகளின் வயிற்றை நிரப்பிய றப்பர் நமக்கு அந்நியமானதன்று. மலாயாவிலும், நமது களுத்துறை, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் விடியற்காலையிலே மரஞ்சீவி வடிக்கப்பட்ட பால்தான் கடல்கடந்து அமெரிக்க ஆலைகளைச் சென்றடைந்தது. 1922இல் பிரித்தானிய அரசு இலங்கை, மலாய றப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, அக்ரனின் முதலாளிகள் கொதித்தெழுந்தமைக்கும் அதுவே காரணம். ஆபிரிக்காவின் லைபீரியாவிலே பயர்ஸ்ரோன் பெருந்தோட்டம் அமைத்ததும் இதன் தொடர்ச்சியே.

ஆலைத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமைகளிலே திரண்டு பார்த்த ஆட்டமே அன்றைய தொழில்முறை உதைபந்தாட்டம். கல்லூரி ஆட்டமே மேலோர் ஆட்டமெனப்பட்டது. காசுக்கு ஆடுவது கீழ்மையாகக் கருதப்பட்டது. 1920 செப்டெம்பரில் கன்டன் நகரத்து மோட்டார் வண்டிக் காட்சியறை ஒன்றிலே சில அணிகளின் உரிமையாளர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். இன்று கோடிக்கணக்கான டொலர் புரளும் தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தொடக்கம் அதுவே. முதலாவது தலைவராக அமெரிக்கப் பூர்வீகக் குடியினரான ஜிம் தோர்ப் தெரிவானார். முதலாவது பருவத்தில் அக்ரன் அணி எட்டு ஆட்டங்களில் வென்று, மூன்றைச் சமன்செய்து, ஒன்றிலும் தோற்காமல் வாகை சூடிற்று. பருவம் முழுவதிலும் எதிரணிகள் அதற்கெதிராகப் பெற்றவை 7 புள்ளிகள் மட்டுமே. அவ்வணியின் நட்சத்திரம் பொலார்ட். அடுத்த ஆண்டு அவர் எல்ஜி ரொபின் என்பவருடன் பயிற்றுநர் பொறுப்பையும் ஏற்றார்.

அந்த நட்சத்திரம் உடைமாற்றுவதற்கு மைதானத்து அறையிலே இடமில்லை. அணி உரிமையாளருள் ஒருவரான பிராங் நீட் என்பவரின் சுருட்டுத் தொழிற்சாலையிலே உடைமாற்றிக்கொண்டே தாம் ஆட வந்ததாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். உணவகங்களும் விடுதிகளும் அவருக்குக் கதவடைத்தன. அக்ரனிலே கு குளுக்ஸ் கிளான் வலுப்பெற்று, 1920களின் நடுப்பகுதியில் நகரத்துக் கல்விச் சபையைக்கூடத் தன் பிடிக்குள் கொண்டுவந்த காலம் அது. வெள்ளை வீரர்கள் களத்திலே பொலார்ட்டின் கட்டளைக்குப் பணிந்தனர். அதே நகரத்தின் உணவுச்சாலையிலே அவர்களுடன் ஒரு மேசையில் அவர் அமர முடியவில்லை. மனிதனின் உழைப்பு வேண்டும், மனிதன் வேண்டாம் என்னும் அந்நியாயத்தை நம் நாட்டுத் தேநீர்க்கடைகளிலே தனிக்குவளை வைத்தவர்கள் நன்கு விளங்கிக்கொள்வர்.

பின்னர் அவர் மில்வோக்கி, ஹமொண்ட் முதலிய அணிகளுக்கு ஆடினார். ஹமொண்ட் அணியில் அவர் வகித்தது ஆட்டத்தின் மூளை எனப்படும் குவாட்டர்பாக் நிலை. கறுப்பினத்தவர் ஓடத் தெரிந்தவர், சிந்திக்கத் தெரியாதவர் என்று கூறி அந்நிலையைப் பல தசாப்தங்கள் அவர்களுக்கு மறுத்து வந்தவர்கள், 1923இல் அது நடந்தேறிய ஒன்று என்பதை வசதியாக மறந்துபோயினர்.

1926இல் அச்சங்கத்தில் 22 அணிகள் இருந்தன. அடுத்த ஆண்டில் 12. சிறு தொழில் நகரங்களின் நலிந்த அணிகள் வெளியேற்றப்பட்டன. பெருநகர முதலாளிகள் நிலைபெற்றனர். பொலார்ட்டின் இடமும் 1926உடன் முடிவுற்றது. தொடர்ந்து 1929இன் பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்தது. வேலையற்ற வெள்ளையர் கோடிக்கணக்கில் இருக்க, கறுப்பருக்கு ஊதியமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1920 முதல் 1933 வரை அச்சங்கத்தில் ஆடிய கறுப்பினத்தவர் பதின்மூவர். 1933இல் எஞ்சியிருந்த ஜோ லிலார்ட், றே கெம்ப் ஆகிய இருவரும் அடுத்த ஆண்டு இல்லை. அதன்பின் 1945 வரை பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவருமில்லை.

இத்தடையை விதித்த தீர்மானம் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. கையொப்பமுமில்லை. பொலார்ட் சிக்காகோ அணி உரிமையாளர் ஜோர்ஜ் ஹலாஸைக் குற்றஞ்சாட்டினார், ஹலாஸ் மறுத்தார். 1932இலே சங்கத்துள் வந்த ஜோர்ஜ் பிரெஸ்டன் மார்ஷலே இதன் சூத்திரதாரி என்பாரும் உளர். என் எண்ணத்தில், ஒருவரைத் தேடுவதே பிழை. எழுதிவைத்த சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம். உரிமையாளர் அனைவருக்கும் வசதியாயிருந்த ஒரு மௌனத்தை எந்த நீதிமன்றத்திலே நிறுத்துவது?

பொலார்ட் வாளாவிருக்கவில்லை. கறுப்பின வீரர்களை மட்டுங் கொண்ட அணிகளை அமைத்து, வெள்ளையர் அணிகளோடு மோதவிட்டார். 1935 முதல் 1937 வரை நியூயோர்க்கின் ஹார்லமிலே 'பிறவுண் பொம்பர்ஸ்' அணியைப் பயிற்றினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே களத்தில் ஆடினால் கலகம் மூளும் என்ற சாக்கைப் பொய்ப்பிப்பதே அவர் நோக்கம். ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆயினும் கதவு திறக்கவில்லை.

அது திறந்தது வேறு வழியில். 1946இல் கிளீவ்லாந்தின் றாம்ஸ் அணி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்து, பொதுப்பணத்தில் அமைந்த கொலிசியம் மைதானத்தைக் கேட்டது. ஹாலி ஹார்டிங் முதலிய கறுப்பினப் பத்திரிகையாளர் மைதான ஆணைக்குழுவின் முன் எழுந்து நின்றனர். எமது வரிப்பணத்தில் எழுந்த மைதானத்தில் எம்மை விலக்கும் அணி ஆடலாகாது என்று வாதிட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் கென்னி வாஷிங்டன் ஒப்பந்தமானார். கல்லூரி ஆட்டத்தில் 1939இலேயே நாட்டின் முன்னணி வீரராக விளங்கியவர். ஒப்பந்தம் வந்தபோது அவருக்கு வயது 27, முழங்கால்கள் பழுதுபட்டிருந்தன. மூன்று பருவங்களே ஆடினார். களவாடப்பட்ட அந்த ஆண்டுகளை எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மார்ஷலின் வாஷிங்டன் நகர அணியோ 1962 வரை ஒரு கறுப்பினத்தவரையும் ஆடவிடவில்லை. அதன் புதிய மைதானம் மத்திய அரசின் நிலத்தில் அமைந்திருந்தது. உள்துறைச் செயலர் ஸ்ருவர்ட் யூடால் அதனைக் காட்டி எச்சரித்த பின்னரே அவர் பணிந்தார்.

பொலார்ட் 1986இல் தமது 92ஆவது வயதிலே காலமானார். அவருக்குப் பின் இச்சங்கத்தின் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநரான கறுப்பினத்தவர் ஆர்ட் ஷெல். அது நிகழ்ந்தது 1989இல். கன்டன் நகரிலுள்ள தொழில்முறை உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்திலே பொலார்ட்டுக்கு 2005இல் இடங்கிடைத்தது. மார்ஷலுக்கு அம்மண்டபம் திறக்கப்பட்ட 1963ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது.