வீட்டில் ஒரு சுவடிக்கட்டு

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. மனிதனின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதிக் காத்த மரபைப் பற்றியே இன்று கூற விழைகின்றேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழை குறைந்த வறண்ட பூமி. ஆயினும் பனைக்கு அங்கே பஞ்சமில்லை. அந்தப் பனையின் ஓலையே நம் முன்னோர்க்கு ஏடாயிற்று. தமிழ்நாட்டு வைத்தியக் குடும்பங்கள் மருந்து முறைகளை ஓலையில் எழுதி, துணியில் சுற்றி, பூச்சி அணுகாவண்ணம் வசம்பு இட்டுக் காத்தன. ஓலை நைந்தால் புதிய ஓலையில் படியெடுத்தன. படியெடுக்க ஆளில்லாத வீட்டுச் சுவடிகள் பல ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின.

அச்சுவடிகள் நோய்க்குரிய மருந்தைக் கூறின. மருந்துண்டவர் எவ்வாறு தேறினார் என்பதனைப் பெரும்பாலும் கூறவில்லை. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தினார். அவர் காலத்துக் கண்நோயாளர் சிலருடைய நிலையும் சிகிச்சையும் கண்ணின் படங்களுடன் பதிவு செய்யப்பெற்றன. அவை சரசுவதி மகால் நூலகத்தில் பேணப்பட்டமையால், இக்காலக் கண் மருத்துவர்கள் அவற்றை ஆராய முடிந்தது.

நம் வீட்டிற்கு மன்னருமில்லை, நூலகமுமில்லை. உள்நோயாளியின் பதிவுகளை மருத்துவர் மூன்றாண்டுகள் காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதிகள் கூறுகின்றன. அதற்கப்பால் காப்பது நம் பொறுப்பே.

திருச்சுழிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் நள்ளிரவில் மயங்கி, மதுரைக்குக் கொண்டு செல்லப்படுகிறார் என்று கொள்வோம். என்ன மருந்து உண்கிறார், எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது என்று மருத்துவர் வினவுகிறார். "ஏதோ வெள்ளை மாத்திரை" என்னும் விடையால் யாது பயன்?

ஆகவே, ஆளுக்கொரு கோப்பு வையுங்கள். சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை முதற்பக்கத்தில் எழுதுங்கள். இருதய மின்பதிவுத் தாள் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்தேறும் தாள்; நாளடைவில் வெளிறிவிடும். அதற்கு உடனே படியெடுங்கள்.

அன்று எழுத்தறிந்தவர் ஏடு படியெடுத்தனர். இன்று உங்கள் வீட்டில் அதற்குரியவர் நீங்களே. பாட்டியின் மருந்துச் சீட்டிலிருந்து இப்பணியைத் தொடங்குங்கள்.