வாய்மொழிப் பாடகரும் எழுத்துப் பனுவலும்: செர்பியக் கோட்பாட்டிற்குத் தமிழ்ச் சான்றுகள்

1815ஆம் ஆண்டில் ஷிஷாதோவாத்ஸ் மடாலயத்தில் பிலிப் விஷ்ணிச் என்னும் பார்வையிழந்த செர்பியப் பாடகரின் வீரப்பாடல்களை வுக் கரஜிச் கேட்டு எழுதினார். குஸ்லே என்னும் ஒற்றை நரம்புக் கருவியை இசைத்தபடி பாடும் இம்மரபை, 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் மில்மன் பாரி ஒலிப்பதிவுகளுடன் ஆராய்ந்தார். எழுத்தறியாத அவ்தோ மெதேதோவிச் சொல்லச்சொல்ல எழுதப்பெற்ற ஒரு பாடல் பன்னிரண்டாயிரம் அடிகளைக் கடந்தது. பாடகர் மனப்பாடம் செய்வதில்லை, வாய்பாடுகளைக் கொண்டு நிகழ்த்தும்போதே பாடலைப் படைக்கிறார் என்பது ஆல்பர்ட் லார்ட் 1960இல் வெளியிட்ட நூலின் முடிபு. மாறாப் பனுவலை ஏற்றுக்கொண்ட பாடகர் வாய்மொழி மரபிலிருந்து விலகிவிடுகிறார் என்றும் அவர் கருதினார்.

இக்கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திக் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வு தமிழாய்வில் ஒரு திருப்பம். எனினும் அவர்முன் இருந்தவை பாடல்களே. பாடிய பாணர் இல்லை. திரும்பத்திரும்ப வரும் தொடர்கள் வாய்மொழிப் பழக்கத்தைக் காட்டலாம். எழுத்து இல்லாமையை அவை நிறுவுமா என்பது ஐயத்திற்குரியது.

நிகழ்த்துநர் வாழும் மரபுகளே இதற்குத் தக்க சோதனைக்களம். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் நூலாக வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வு இங்குக் கருதத்தக்கது. தென்மாவட்ட வில்லுப்பாட்டில் ஏட்டுச்சுவடி மரபின் உள்ளேயே இருக்கிறது. கொடைவிழாவில் தெய்வம் அருளேறி ஆடும் கட்டத்தில் பாடலின் அடிகள் பெரிதும் மாறாமல் நிற்க வேண்டியிருப்பது சடங்கின் தேவை எனலாம். புதிதாகப் புனையும் திறனைவிட பிறழாமல் பாடும் திறனே அவ்விடத்தில் மதிக்கப்படுகிறது. லார்டின் அளவுகோலில் இப்பாடகர் வாய்மொழிப் பாடகரே அல்லர்! அளவுகோலைத்தான் ஐயுற வேண்டும்.

கொங்குநாட்டு அண்ணன்மார் கதை வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. 1965இல் பிரெண்டா பெக், இராமசாமி என்னும் பாடகர் பாடக்கேட்டு அதனை ஒலிப்பதிவு செய்தார். அதே பாடகர் எழுத்தர் ஒருவருக்குச் சொல்லி எழுதச்செய்த வடிவமும் உண்டு. கேட்போர் சூழப் பாடியதையும் எழுதுகோலின் வேகத்திற்கு நிறுத்திநிறுத்திச் சொன்னதையும் ஒரே பனுவலாகக் கொள்ளுதல் பொருந்தாது. விஷ்ணிச், அவ்தோ ஆகியோரிடமிருந்து எழுதப்பெற்ற பாடல்களுக்கும் இவ்வினா பொருந்தும்.

திருவள்ளூர் உள்ளிட்ட வடதமிழகத்தின் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்கிறார். இரவில் அதே கதை தெருக்கூத்தாகிறது. கூத்தில் பாட்டு பெரும்பாலும் வரையறுக்கப்பட்டது. வசனம் நடிகரின் நாவில் அன்றன்று பிறக்கிறது. ஓர் இரவின் நிகழ்விலேயே மாறாப் பனுவலும் மாறும் பனுவலும் அடுத்தடுத்து நிற்கின்றன. கூத்தின் ஒலிப்பதிவை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வுறவை அறிய இயலாது. வாத்தியாரின் பாட்டு நோட்டும் பிரசங்கியாரின் நூற்படியும் அதனோடு சேர்த்து ஆவணப்படுத்தப்பட வேண்டியவை.