கூரை கழன்ற கதை

தமிழ்நாட்டில் கூரையில்லாத காருக்குப் பெரிய கிராக்கி கொடுத்தது கல்யாணம்தான். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை ஜானவாசம். கோயிலில் அர்ச்சனை முடிந்ததும், பெண் வீட்டார் எடுத்துக்கொடுத்த கோட்டு சூட்டில் மாப்பிள்ளை காரில் ஏறி, பின்சீட்டின் சாய்மானத்து மேலேயே உட்கார்ந்துகொள்வார். இரண்டு வீட்டுக் குழந்தைகளும் கிடைத்த இடத்தில் எல்லாம் ஏறிக்கொள்ளும். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், இருபுறமும் கேஸ் லைட்டும் நகர, தெரு முழுக்க வாசலுக்கு வந்து மாப்பிள்ளையை அளந்து பார்க்கும். காஞ்சிபுரத்து ராஜ வீதிகளைப் போலச் சாமி புறப்பாடு பார்த்தே பழகிய தெருக்களில், கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகிற மாப்பிள்ளையை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

ஆரம்பத்தில் இதில் சிக்கலே இல்லை. 1920-களின் தொடக்கத்துக் கார்களில் பெரும்பாலானவை திறந்த வண்டிகள்தான். தேவைப்பட்டால் படுதாவை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. 1935-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே தகட்டில் அழுத்திய முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்தது. அதற்குள் மூடிய கார் என்பது வழக்கமாகிவிட்டிருந்தது; திறந்த கார் பணக்கார விளையாட்டானது. இந்தியாவில் அதுவும் நிலைக்கவில்லை. பம்பாயில் கார்களைப் பூட்டிக்கொடுத்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பாயிற்று. மிஞ்சியவை கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். சாலையில் அன்றாடம் ஓடிய இவர்களுடைய கார்கள் எல்லாம் கூரை போட்டவை.

கூரை வேண்டாம் என்றால் டிங்கரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கூரையை அறுப்பது லேசு. அறுத்த பிறகு கார் காராக இருப்பதுதான் கஷ்டம். பழைய பிளிமத், டாட்ஜ், செவர்லே போன்ற அமெரிக்க வண்டிகளுக்குக் கீழே ஏணி மாதிரி கனமான சேஸிஸ் உண்டு; பாடி அதன் மேல் உட்கார்ந்திருப்பதோடு சரி. மேலே வெட்டினாலும் பாரத்தைத் தாங்குவது கீழேதான். அம்பாசிடரும் ஃபியட்டும் அப்படியல்ல. அவற்றில் கூரை, தூண், தரை, கதவுக்கடி எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. கூரையை எடுத்துவிட்டால் நடுவில் தொய்யும். முதலில் கதவு இறுகும். பிறகு ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்துகொள்ளும். அதனால் விவரம் தெரிந்த வெல்டர் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பே கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்துவிடுவார். கதவுக்கடியில் பெட்டி போல இரும்புத் தகடு வைத்து உறுதியாக்கிய பிறகுதான் கூரைக்குக் கைவைப்பார். விவரம் தெரியாதவர் வெட்டிய கார்களைக் கதவு இடைவெளியின் கோணலைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல், ஸ்பானரைக் கொண்டே கூரையைக் கழற்றிவிடக்கூடிய ஒரு கார் நம் ஊரிலேயே தயாரானது. அதற்குக் காரணம் தொழிற்போட்டி.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனம் தன் கார்களின் பாடியை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியிடம் வாங்கிக்கொண்டிருந்தது. 1953-ல் அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கியது. எதிராளியின் புதுக் காருக்கு பாடி செய்துகொடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? முழு பாடியை ஒரே கூடாக அழுத்தித் தர வேறு ஆள் கிடைக்காமல், ஸ்டாண்டர்ட் பொறியாளர்கள் அப்போது பழசாகிப்போன வழிக்கே திரும்பினார்கள்: கீழே தனி சேஸிஸ். மேலே முன்பாதி, பின்பாதி, பானெட், கூரை என்று துண்டு துண்டாகப் பல பட்டறைகளில் செய்து, எல்லாவற்றையும் போல்ட் போட்டுப் பூட்டுவது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி அதற்குக் கூர்மையான முகமும் மெலிந்த கூரையும் கொடுத்தார். 1959-ல் வெளிவந்த அந்தக் காரின் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு. பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். கூரை தனித் துண்டு என்பதால் மறு ஆண்டே கம்பெனி கன்வெர்ட்டிபிளையும் விற்கத் தொடங்கியது. அதே சேஸிஸைக் குட்டையாக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள். இன்று பழைய கார் பிரியர்கள் உருகும் ஸ்பிட்ஃபயரின் அஸ்திவாரம், பாடி கிடைக்காத கம்பெனியின் இக்கட்டு.

சென்னையில் 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961 முதல் ஹெரால்டை 948 சி.சி. இன்ஜினோடு ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. ஆலை இருந்தது ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர்ப் பக்கம். ஆலை 1988-ல் மூடிவிட்டது. குடும்பத்தோடு போகிறவர்களுக்காக, இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டைக்கூட இங்கே செய்தார்கள். ஆனால் கூரை கழற்ற நினைத்தவர்கள் தேடியது இரண்டு கதவு வண்டியை. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் பின்பக்கமும் இருக்கிற போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளே துணியையும் ரப்பரையும் விலக்கினால் கூரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். சென்னையின் பழைய கார் அணிவகுப்புகளில் கூரையில்லாத ஹெரால்டுகள் வந்து நிற்பதற்கு இதுதான் ரகசியம்.

வெளிநாட்டில் கூரை அறுப்பதையே பெரிய தொழிலாகச் செய்தார்கள். இங்கிலாந்தின் கென்ட்டில் க்ரேஃபோர்ட் என்ற நிறுவனம் 1960-களில் மினி முதல் கோர்ட்டினா வரை கூரையை அறுத்து மடக்குப் படுதா பொருத்திக் கொடுத்தது. ஃபெராரியின் டேட்டோனாவில் கம்பெனியே செய்த திறந்த வண்டிகள் சுமார் 120தான். அதன் விலை எகிறியதும், சாதா டேட்டோனாக்களைப் பலர் வெட்டினார்கள். காலம் மாறி அசலுக்கு மவுசு வந்தபோது, வெட்டிய சிலவற்றுக்கு மறுபடியும் கூரை வைத்துப் பற்றவைத்த கூத்தும் நடந்தது.

அந்த வெளிநாட்டுப் பட்டறைகளுக்குத் தலைவலி இரண்டு. மடக்கினால் அடங்கி, மழையில் ஒழுகாத படுதா ஒன்று. வேகத்தில் முன்கண்ணாடி நடுங்காமல் இருப்பது மற்றொன்று. நம் ஜானவாசக் காருக்கு இரண்டும் வேண்டாம். படுதாவே கிடையாது, வேகமோ நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகம். அதனால் சுமாரான வெல்டிங்கோடும் இங்கே பல வண்டிகள் காலம் தள்ளின. ஆனால் அந்த நடை வேகமே வேறொரு வினையைக் கொண்டுவந்தது: முதல் கியரில் கிளட்சைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது. தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் இறங்கிவிட்டால் டிரைவரின் கண் டெம்பரேச்சர் முள்ளைவிட்டு நகராது. பழைய வண்டிக்குத் தண்ணீர்க் கேன் இல்லாமல் ஊர்வலத்துக்குக் கிளம்புகிறவர் அசட்டுத் துணிச்சல்காரர்.

இப்போது சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. 50 வயது கடந்த கார்களுக்கு 2021-ல் வந்த தனிப் பதிவு விதி இன்னும் கறார். 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ எழுத்துகளோடு கௌரவமான நம்பர் பிளேட் தருவார்கள். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ரம்பம் பட்ட கார், எத்தனை மாப்பிள்ளைகளைச் சுமந்திருந்தாலும், அந்த வரிசையில் நிற்க முடியாது.

ஆகவே திறந்த ஹெரால்டு ஒன்று விலைக்கு வந்தால் பெயிண்டின் பளபளப்பை அப்புறம் பார்க்கலாம். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் இருப்பது போல்ட் துளையா, ரம்பத் தடமா என்று விரலால் தடவிப் பாருங்கள். துளைதான் என்றால், கழற்றிய கூரையை எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். விற்கிறவர் கொல்லைக் கொட்டகையைக் கைகாட்டினால், கேட்ட விலையை அதிகம் அடித்துப் பேசாமல் கொடுத்துவிடலாம்.