டவரும் கேபிளும்

நம்ம ஊர்ல தனியார் டிவி ஏன் வானத்துல இருந்து வந்துச்சு? தரையில இடம் தரலைங்க, அதான். டவர் வச்சு ஒளிபரப்பும் உரிமை தூர்தர்ஷனுக்கு மட்டும்தான். 1993ல் சன் டிவி வந்தது செயற்கைக்கோள் வழியாக. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995ல் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகும் அந்த டவர் கதவு திறக்கவில்லை.

பக்கத்து இலங்கையில் கதையே வேற. அங்கே முதல் டிவியே தனியார்தான், 1979 ஏப்ரலில் வந்த ஐடிஎன். ஜூனில் அரசாங்கம் எடுத்துக்கிச்சு (ரெண்டு மாசம்கூட முழுசா ஓடலை!). அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷான் விக்ரமசிங்க 1993ல் டிஎன்எல் ஆரம்பித்தார். கேபிள் வேண்டாம், மொட்டைமாடி ஆன்டெனா போதும். அவர் சகோதரர் ரணில் முதன்முறை பிரதமரானதும் அதே வருசம்தான்.

ஆனா 1982 ரூபவாஹினி சட்டப்படி லைசென்ஸ் தருவது அமைச்சர். டவர்னு ஒண்ணு இருந்தா சீல் வைக்கவும் இடம் இருக்குமே! 2018ல் ரணில் பிரதமரா இருந்தப்பவே, லைசென்ஸ் தகராறில் டிஎன்எல்லின் பொல்கஹவெல நிலையத்துக்கு சீல் விழுந்தது.

இங்கே சேனல்களோட குடுமி கேபிள்ல மாட்டிக்கிச்சு. கருணாநிதி குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் முட்டிக்கிட்ட 2007லதான் அரசு கேபிள் டிவி நிறுவனம் பிறந்தது. சமாதானம் ஆனதும் படுத்துக்கிச்சு. 2011ல் ஜெயலலிதா வந்து எழுப்பி விட்டார்.