கம்யூனிட்டி காலேஜில் சேர என்ன மார்க் வேண்டும்?

எந்தக் காலேஜ் பேச்சை எடுத்தாலும் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "என்ன மார்க் வேண்டும்?" அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று ஒன்று உண்டு, இரண்டு வருடப் படிப்பு, அங்கே மார்க் கேட்பதில்லை என்று சொல்லிப் பாருங்கள். உடனே அடுத்த கேள்வி: "அப்படியா, அது நல்ல காலேஜ்தானா?" :-)

எங்கள் வங்கிக் கிளைக்கு பேலன்ஸ் சர்டிபிகேட் வாங்க வரும் பெற்றோர் சிலர் இந்தக் காலேஜ் பெயர்களோடு வருகிறார்கள். முதல் இரண்டு வருடம் அங்கே, மீதி இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் என்பது கணக்கு. அவர்களுக்காகத் தேடிப் படிக்கப் போய் இந்த வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது. நான் பி.காம். ஆசாமி, சரித்திரம் படித்தவன் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

1901, இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரம். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியை நடத்திய ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பள்ளி முடித்த 6 பேருக்கு, அதே பள்ளியிலேயே கல்லூரியின் முதல் இரண்டு வருடப் பாடம். ஊரை விட்டுப் போய்ப் படிக்க முடியாத பிள்ளைகளுக்கு இது வசதி. ஹார்ப்பருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. ஆரம்பப் பாடங்கள் வெளியே நடந்தால் பல்கலைக்கழகம் உயர்படிப்பையும் ஆராய்ச்சியையும் கவனிக்கலாம். இந்த இரண்டு நோக்கமும் பிறகு எல்லாக் கட்டத்திலும் சேர்ந்தே வருகின்றன.

1907இல் கலிபோர்னியா, உயர்நிலைப் பள்ளிகளே இப்படி மேல்வகுப்பு நடத்தலாம் என்று சட்டம் போட்டது. 1910இல் ஃபிரெஸ்னோவில் தொடங்கினார்கள். 1944இல் போர்வீரர்களுக்குப் படிப்புச் செலவு தரும் சட்டம் வந்ததும் கல்லூரிகளில் கூட்டம் அலைமோதியது. ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த குழு 1947இல் அறிக்கை கொடுத்தது. 12-ம் வகுப்போடு நிறுத்தாமல் 14-ம் வருடம் வரை இலவசமாகக் கொடுங்கள் என்றது. 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவியதும் அதற்குப் பிறகுதான்.

1960இல் கலிபோர்னியா ஒரு பெருந்திட்டம் கொண்டுவந்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 சதவீதத்தினர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேரலாம். முதல் 33.3 சதவீதத்தினர் மாநிலக் கல்லூரிகளில் சேரலாம். பாடத்தால் பயன்பெறக்கூடிய யாரும் ஜூனியர் காலேஜில் சேரலாம். பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் 18 வயது நிரம்பியிருந்தால் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே திட்டம்தான் மேலே உள்ள இரண்டு வாசல்களையும் முன்பைவிடக் குறுக்கியது. அங்கே நெரிசல் வராமல் இருக்கத்தான் கீழ்வாசலை அகலத் திறந்தார்கள் என்றும் சொல்லலாம்.

அதே 1960இல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசே ஜூனியர் காலேஜை ஆராய்ந்து எழுதினார். சேரும்போது யாரையும் தடுப்பதில்லை. உள்ளே வந்தபின் தேர்வும் ஆலோசனையுமாக, பல்கலைக்கழகக் கனவோடு வந்தவரை மெதுவாக வேறு படிப்புக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்றார். பல காலேஜ்களில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு தேர்வு வைத்து, தேறாதவரை அடிப்படை வகுப்பில் போட்டார்கள். அந்த வகுப்புக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்பு கிடையாது, பணமும் காலமும்தான் போகும். கலிபோர்னியா 2017இல் சட்டம் போட்டு, பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே நேரடி வகுப்பில் சேர்க்கச் சொன்னது.

சரி, மார்க் கேட்கவில்லை. வேறு என்ன கேட்கிறார்கள்? முகவரி! ஒரு வருடத்துக்கு மேல் அந்த மாநிலத்தில் குடியிருந்தவருக்கு ஒரு கட்டணம், மற்றவருக்குப் பல மடங்கு. 1984 வரை கலிபோர்னியாவில் உள்ளூர்க்காரருக்குச் சேர்க்கைக் கட்டணமே இல்லை. அந்த வருடம்தான் யூனிட்டுக்கு 5 டாலர் என்று ஆரம்பித்தார்கள். மாணவர் விசாவில் போகிறவர் எத்தனை வருடம் இருந்தாலும் பொதுவாக வெளியூர்க்காரர்தான். ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருப்பதையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். நான் கையெழுத்துப் போடும் அந்தக் காகிதம் இதற்குத்தான்.

2001இல் கலிபோர்னியா சட்டம் கொஞ்சம் இளகியது. அங்கே மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளைக்கு, குடியுரிமைக் காகிதம் இல்லாவிட்டாலும் உள்ளூர்க் கட்டணம் போதும். பிள்ளை எங்கே வளர்ந்தது என்று பார்த்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பிள்ளைகள் நினைவு வந்தது. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளை சென்னையில் என்ஜினீயரிங் கவுன்சிலிங் போனால் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்பார்கள். இங்கே டொமிசைல் கேட்பார்கள். டிரான்ஸ்பரில் ஊர் ஊராகப் போகும் குடும்பத்துக்கு மார்க்கைவிட இதுதான் பெரிய தலைவலி.

நம் பக்கத்திலும் இந்த யோசனை வந்திருக்கிறது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் கைத்தொழிலோடு வாழ்க்கைத் திறன் கற்றுத் தர வேண்டும் என்பது சென்னை முயற்சியின் நோக்கம். நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே இப்போது யாராவது என்ன மார்க் வேண்டும் என்று கேட்டால் மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையை உள்ளூர்க்காரராக எடுப்பார்களா? முதல் நாள் எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள்? இரண்டு வருடம் கழித்து எந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பாடங்களை ஏற்கும்? மூன்றாவதற்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக்காரன் புத்தி, வாய்வார்த்தையை நம்பாது :-)